செல்லில் தெரிவதும் செல்லில் இருப்பதும்: எக்செல் ஃபார்மேட்டும் அடிப்படை ஃபங்ஷன்களும்

எக்செல்லில் ஒரு வெற்று செல்லில், அதாவது காலிக் கட்டத்தில், 7/12 என்று அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். பழைய கதவு எண் 7, புதிய எண் 12 என்று குறிக்க நினைத்திருப்பீர்கள். கணினியின் மண்டல அமைப்பு இந்தியா என்றிருந்தால், எக்செல் அதை டிசம்பர் 7 என்று எடுத்துக்கொள்ளும். சரி, ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினால் பழையபடி வந்துவிடும் என்று நினைத்து மாற்றினால் 45998 என்று ஓர் எண் வந்து நிற்கும், 2025இல் அடித்திருந்தால். நீங்கள் அடித்த 7/12 அந்த ஃபைலில் எங்குமே இல்லை. அன்டூ செய்யலாம், அல்லது திரும்ப அடிக்கலாம். வேறு வழி கிடையாது.

நிலப் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக வரும். சர்வே எண் 12/2 தேதியாக மாறிவிடும். அடுத்த வரிசையில் உள்ள 12/2ஏ எழுத்தாகவே இருக்கும். 112/2வும் அப்படியே இருக்கும், ஏனென்றால் 112 என்று ஒரு நாளும் இல்லை, மாதமும் இல்லை. ஒரே நெடுவரிசையில் பாதி தேதி, பாதி எழுத்து. அதை வரிசைப்படுத்தினாலும் தேடினாலும் கிடைப்பதை நம்ப முடியாது.

கணினிப் பயிற்சி வகுப்புகளில் எக்செல் என்றதும் முதலில் போல்டு, நிறம், பார்டர், மெர்ஜ் என்று தொடங்குவார்கள். அப்புறம் கூட்டுவதற்கு சம், சராசரிக்கு ஆவரேஜ் என்ற ஃபங்ஷன்கள். இந்த இரண்டுக்கும் நடுவே சொல்ல வேண்டிய ஒரு பாடம் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். செல்லில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது இன்னொன்று. ஃபார்மேட் முதலாவதை மட்டும் மாற்றும். ஃபங்ஷன்கள் இரண்டாவதை மட்டும் பார்க்கும். “டோட்டல் டேலி ஆகவில்லை” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதிலேயே விடை இருக்கிறது.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஃபங்ஷன் பெயர்களையும் செல் முகவரிகளையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். எக்செல்லில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். சொல்வதில் பெரும்பகுதி கூகுள் ஷீட்ஸுக்கும் லிப்ரேஆபிஸ் கால்க்குக்கும் பொருந்தும். மாறும் இடங்களில் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன்.

ஒரு செல்லுக்குள் இருக்கக்கூடிய மதிப்புகள் நான்கு வகைதான்: எண், எழுத்து (டெக்ஸ்ட்), சரி அல்லது தவறு என்ற தர்க்க மதிப்பு, பிழை மதிப்பு. தேதி தனி வகை இல்லை. நேரம், ரூபாய், சதவீதம் எதுவுமே தனி வகை இல்லை. இவை எல்லாம் எண்கள்தான், வேறு வேறு ஃபார்மேட்டில் காட்டப்படுகின்றன. 18% என்று அடித்தால் உள்ளே போவது 0.18. ஏற்கனவே 18 என்று அடித்திருக்கும் செல்லுக்குப் பிறகு சதவீத ஃபார்மேட் கொடுத்தால் 1800% என்று காட்டும். எக்செல் தப்பு செய்யவில்லை. 18 என்ற எண்ணைச் சதவீதமாகக் காட்டினால் 1800தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? மேலே இருக்கும் ஃபார்முலா பாரைப் பார்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. தேதியை அதுவும் தேதியாகத்தான் காட்டும். இன்னும் நம்பகமான வழி, கன்ட்ரோலுடன் 1ஐ அழுத்தி ஃபார்மேட் செல்ஸ் பெட்டியைத் திறந்து ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுப்பது. மாதிரியாகத் தெரியும் எண்தான் உண்மையான மதிப்பு. பார்த்துவிட்டு கேன்சல் செய்துவிடலாம். இதைவிடச் சுலபமான அடையாளமும் ஒன்று உண்டு. யாரும் கைவைக்காத செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அதனால்தான், தரவைச் சரிபார்த்து முடிக்கும் வரை நெடுவரிசையை நடுவில் நிறுத்தும் சென்டர் பட்டனைத் தொடாதீர்கள் என்று சொல்வேன். தொட்டுவிட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும்.

தேதிக்கு வருவோம். எக்செல் 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்துக்கொண்டு நாள்களை எண்ணிக்கொண்டே போகிறது. 1947 ஆகஸ்ட் 15 என்பது 17394. 1950 ஜனவரி 26 என்பது 18289. இரண்டையும் கழித்தால் 895 நாள். தேதியைத் தேதியிலிருந்து கழிக்க முடிவதும், தேதியோடு 30ஐக் கூட்டினால் முப்பது நாள் கழித்து வரும் தேதி கிடைப்பதும் இதனால்தான்.

இந்தக் கணக்கில் ஒரு வரலாற்றுப் பிழை இன்றும் இருக்கிறது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, ஆகவே 1900 லீப் ஆண்டு அல்ல. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் ஃபைல்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டது. ஒரு செல்லில் 60 என்று அடித்துத் தேதி ஃபார்மேட் கொடுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று, இல்லாத ஒரு நாளைக் காட்டும். லிப்ரேஆபிஸ் 1899 டிசம்பர் 30ஐ பூஜ்யமாக வைத்து இதைச் சமாளிக்கிறது. 1900 மார்ச் 1 முதல் இரண்டின் எண்களும் ஒன்றாகிவிடும். மேக் கணினிகளுக்கான பழைய எக்செல் 1904இலிருந்து எண்ணியது. அந்தக் காலத்து ஃபைலிலிருந்து தேதிகளை நகலெடுத்து ஒட்டினால் நான்கு வருடமும் ஒரு நாளும், அதாவது 1462 நாள், தள்ளிப்போகும்.

1900க்கு முந்தைய தேதி எக்செல்லுக்குத் தேதியே இல்லை. பாரதியார் பிறந்த 11-12-1882ஐ அடித்தால் அது எழுத்தாகத்தான் நிற்கும். கழித்தல், கூட்டல் எதற்கும் உதவாது. குடும்ப வரலாறு, பழைய பத்திரங்கள் என்று வேலை செய்பவர்கள் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று நெடுவரிசையாகப் பிரித்து வைப்பது நல்லது. லிப்ரேஆபிஸ் இந்தத் தேதிகளையும் ஏற்கும்.

ஆனால் நடைமுறையில் அதிகம் கெடுப்பது நாள், மாதம் இடம் மாறுவதுதான். நம் ஊரில் 05/04/2025 என்றால் ஏப்ரல் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் அது மே 4. வங்கியிலிருந்தோ வேறு மென்பொருளிலிருந்தோ இறக்கிய பட்டியலை அப்படிப்பட்ட கணினியில் திறந்தால், 12ஆம் தேதி வரையுள்ள நாள்கள் எல்லாம் சத்தமில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விடும். 13ஆம் தேதியிலிருந்து மாதமாகக் கொள்ள முடியாததால் அவை எழுத்தாக நிற்கும். தேதி நெடுவரிசையில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நிற்பதைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள். இடப்பக்கம் நிற்பவை பார்த்ததும் தெரிந்துவிடும், அவற்றைச் சரிசெய்துவிடலாம். ஆபத்து வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவற்றில் இருக்கிறது, ஏனென்றால் அவை தவறான மாதத்தில் உட்கார்ந்திருக்கும்.

தேதிப் பிரச்சினை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மரபணு ஆய்வே சாட்சி. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு செப்ட்2, மார்ச்1 என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளோடு இணைக்கப்பட்ட எக்செல் மரபணுப் பட்டியல்களைச் சோதித்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு பெயர்களையே மாற்றிவிட்டது. செப்ட்2 இப்போது செப்டின்2. 2023இல்தான் எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது. புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் பார்க்கலாம். பழைய பதிப்பில் ஒரே வழி, அடிப்பதற்கு முன்பே நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் ஃபார்மேட் கொடுப்பது. அல்லது ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போடுவது. அந்தக் குறி திரையில் தெரியாது, அச்சிலும் வராது.

டெக்ஸ்ட் ஃபார்மேட் மட்டும் மற்ற ஃபார்மேட்டுகளைப் போல இல்லை. மற்றவை ஏற்கனவே இருப்பதன் தோற்றத்தை மாற்றும். டெக்ஸ்ட், இனிமேல் அடிக்கப்போவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யும். ஆகவே அதை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், பின்னால் கொடுத்துப் பயனில்லை. இதே காரணத்தால்தான் சில சமயம் ஃபார்முலா அடித்தால் விடை வராமல் ஃபார்முலாவே செல்லில் அப்படியே தெரியும். அந்த செல் டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருந்திருக்கும். ஜெனரலுக்கு மாற்றினால் மட்டும் போதாது. எஃப்2 அழுத்தி, மறுபடி என்டர் தட்டினால்தான் எக்செல் அதைப் புதிதாகப் படிக்கும்.

எதை எண்ணாக வைப்பது, எதை எழுத்தாக வைப்பது? கூட்டவோ பெருக்கவோ போகிறோமா என்று கேட்டுப் பார்த்தால் போதும். வங்கிக் கணக்கு எண், ஆதார், கைபேசி எண், பின்கோடு, எஸ்டிடி கோடு இவற்றை யாரும் கூட்டப்போவதில்லை. பெயரில்தான் எண், வேலையில் எழுத்து. 044 என்று அடித்தால் 44 ஆகும். பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்ணின் முதல் பூஜ்யம் போய்விடும். ஆதார் 12 இலக்கம். ஜெனரல் ஃபார்மேட் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும், அதைத் தாண்டினால் 1.23457ஈ+11 என்ற மாதிரி சுருக்கிவிடும். பயப்பட வேண்டாம், எண் உள்ளே முழுதாக இருக்கிறது, நம்பர் ஃபார்மேட் கொடுத்துத் தசமத்தை நீக்கினால் தெரியும்.

ஆனால் 16 இலக்க அட்டை எண் என்றால் கதையே வேறு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும், திரும்ப எடுக்கவே முடியாது. எழுத்தாக வைத்துவிட்டாலும், கேட்ட மதிப்பு எத்தனை செல்லில் இருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் ஃபங்ஷனிடம் கவனம் வேண்டும். இரட்டைப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்துவார்கள். அது எண் மாதிரி தெரியும் எழுத்தை எண்ணாக்கிப் பார்ப்பதால், முதல் 15 இலக்கங்கள் ஒன்றாக இருந்தாலே இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடும்.

இதற்கு நேர் எதிரான சிக்கல், தொகையெல்லாம் எழுத்தாக வந்து சேர்வது. வேறு மென்பொருளிலிருந்து, இணையப் பக்கத்திலிருந்து, பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டும்போது இது சாதாரணமாக நடக்கும். செல்லின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஏ2இல் 500, ஏ3இல் 700 இருக்கிறது, இரண்டும் எழுத்து என்று வைத்துக்கொள்வோம். =ஏ2+ஏ3 என்று போட்டால் 1200 வரும். =சம்(ஏ2:ஏ3) என்று போட்டால் 0 வரும். கூட்டல் குறி, எண் மாதிரி தெரியும் எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கும். சம் அப்படிச் செய்யாது, தனக்குக் கொடுத்த வரம்பில் எழுத்து இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். நெடுவரிசை முழுவதும் எழுத்தாக இருந்தால் 0 வந்து காட்டிக்கொடுத்துவிடும். இருநூறு வரிசையில் மூன்று மட்டும் எழுத்தாக இருந்தால்? மொத்தம் நம்பும்படியாகத்தான் இருக்கும், மூன்று தொகை மட்டும் குறைவாக.

இதைப் பிடிக்க இரண்டு ஃபங்ஷன் போதும். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். தொகை நெடுவரிசைக்குக் கீழே இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே விடை சொன்னால் சரி. கவுண்ட் 197, கவுண்ட்ஏ 200 என்றால் மூன்று செல் எழுத்தாக இருக்கிறது. யாரிடமிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் சம் போடுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

எழுத்தை எண்ணாக மாற்றுவது எளிது. நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா பட்டியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்பதை அழுத்தி, எதையும் மாற்றாமல் ஃபினிஷ் கொடுத்தால் பெரும்பாலும் மாறிவிடும். அப்படியும் மாறாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண இடைவெளியை ட்ரிம் நீக்கிவிடும். இணையப் பக்கங்களிலிருந்து வருவது வேறு வகை இடைவெளி, அதன் குறியீட்டு எண் 160. அதை ட்ரிம் தொடாது. சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷனில் கார்(160) என்று (ஆங்கிலத்தில் சி, ஹெச், ஏ, ஆர்) கொடுத்து அதை நீக்க வேண்டும்.

ரூபாயும் பைசாவும் வரும் இடத்தில் ஃபார்மேட் இன்னொரு விதமாக ஏமாற்றும். 247.50 ரூபாய்ப் பொருள், ஜிஎஸ்டி 18%. மத்திய வரி 9%, மாநில வரி 9%. ஒவ்வொன்றும் 22.275 ரூபாய். இரண்டு தசமம் காட்டும்படி ஃபார்மேட் இருந்தால் பில்லில் 22.28, 22.28 என்று தெரியும். அடியில் மொத்த வரி 44.55 என்று வரும். கையில் கூட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு 44.56 வரும். ஒரு பைசாதான், ஆனால் நூறு பில் சேரும்போது கணக்காளர் அதைத் தேடி அரை நாள் உட்கார வேண்டியிருக்கும். காட்டுவதைச் சுருக்கியிருக்கிறோம், மதிப்பைச் சுருக்கவில்லை. =ரவுண்ட்(பி2*9%,2) என்று மதிப்பையே இரண்டு தசமத்துக்குக் கொண்டுவந்தால் பார்ப்பதும் கூட்டுவதும் ஒன்றாகும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு, வரித் தொகையை அருகிலுள்ள ரூபாய்க்கு முழுமையாக்கச் சொல்கிறது: ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிட வேண்டும். அதற்கு ரவுண்டில் 2க்குப் பதில் 0 போட்டால் போதும். தெரிவதையே மதிப்பாக்கிவிடும் ஓர் அமைப்பும் எக்செல்லில் உண்டு. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் அது ஃபைல் முழுவதிலும் தசமங்களை நிரந்தரமாக வெட்டிவிடும்.

லட்சம், கோடிக்கு காற்புள்ளி போடுவது பலரும் கேட்கும் விஷயம். 12,345,678 என்று வருகிறதே, 1,23,45,678 என்று வரவேண்டாமா? விண்டோஸின் மண்டல அமைப்பை இந்தியா என்று மாற்றினால் வந்துவிடும். ஆனால் அதே ஃபைலை வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் மில்லியன் கணக்கில் தெரியும், ஏனென்றால் காற்புள்ளி செல்லுக்குள் இல்லை, பார்க்கும் கணினியில் இருக்கிறது. எங்கே திறந்தாலும் லட்சக் கணக்கில் தெரிய வேண்டும் என்றால் கஸ்டம் ஃபார்மேட்டில் இதைக் கொடுக்கலாம்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடிக்கு மேல் ஒரு மாதிரி, லட்சத்துக்கு மேல் ஒரு மாதிரி, மற்றதெல்லாம் மூன்றாவது மாதிரி. இரண்டு நிபந்தனைக்கு மேல் இங்கே இடம் இல்லாததால் கழித்தல் தொகைகள் மூன்றாவதில் விழுந்து பழையபடி மில்லியன் கணக்கில்தான் தெரியும். நஷ்டக் கணக்கு எழுதுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். காற்புள்ளியை நீங்களே கையால் அடிப்பதையும் தவிர்த்துவிடுங்கள். இடம் தவறினால் எண் எழுத்தாகிவிடக்கூடும்.

நேரமும் எண்தான் என்றேன். ஒரு முழு நாள் 1. பன்னிரண்டு மணி நேரம் 0.5. ஒரு தொழிலாளி ஆறு நாள், நாளுக்கு 7:30 மணி நேரம் வேலை செய்திருக்கிறார். கூட்டினால் 45 மணி நேரம் வர வேண்டும். எக்செல்லில் சாதாரண நேர ஃபார்மேட் 21:00 என்று காட்டும். உள்ளே 1.875 என்று சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஃபார்மேட் கடிகாரம் போல 24 மணியைத் தாண்டியதும் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கஸ்டம் ஃபார்மேட்டில் மணியைக் குறிக்கும் ஹெச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைத்தால் 45:00 என்று தெரியும். கூலி போடும்போது இன்னொரு குழி இருக்கிறது. மணிக்கு 80 ரூபாய் என்று அந்த செல்லை 80ஆல் பெருக்கினால் 150 ரூபாய் வரும், 3600 வராது. 24ஆல் பெருக்கி மணியாக்கிவிட்டுத்தான் 80ஆல் பெருக்க வேண்டும். ஒருவருடைய ஒரு வாரக் கூலி இது. திரையில் 45:00 என்று சரியாகத் தெரிந்தாலும் இந்தத் தவறு நடக்கும், ஆகவே சம்பளப் பட்டியல் போடுபவர்கள் ஓர் ஆளுக்காவது கையால் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரவு ஷிஃப்ட்டில் இரவு 10 மணிக்கு வந்து காலை 6 மணிக்குப் போனால் கழித்தல் விடை எதிர்மறையாகி ##### என்று காட்டும். =மாட்(பி2-ஏ2,1) என்று போட்டால் 8 மணி நேரம் கிடைக்கும். பொதுவாக ##### என்பது நெடுவரிசை அகலம் போதவில்லை என்பதற்கான அடையாளம். எவ்வளவு அகலப்படுத்தினாலும் போகவில்லை என்றால் எதிர்மறையான தேதியோ நேரமோ உள்ளே இருக்கிறது.

ஆவரேஜுக்கு வருவோம். ஐந்து மாணவர்கள். மூவர் 80, 70, 60 எடுத்தார்கள், இருவர் வரவில்லை. வராதவர்களின் செல்லைக் காலியாக விட்டால் சராசரி 70. பூஜ்யம் போட்டால் 42. “ஆப்சென்ட்” என்று எழுதினால் மறுபடி 70. எது சரி என்பது எக்செல்லுக்குத் தெரியாது, அது பள்ளி எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் பட்டியலில் சில இடத்தில் காலி, சில இடத்தில் பூஜ்யம் என்று கலந்துவைத்தால் வரும் சராசரிக்கு எந்தப் பொருளும் கிடையாது. பூஜ்யங்கள் திரையில் தெரியாதபடி மறைக்கும் அமைப்பும் உண்டு. அது போடப்பட்ட ஷீட்டில் காலியும் பூஜ்யமும் பார்க்க ஒன்றாகவே இருக்கும், சராசரி மட்டும் வேறாக வரும்.

ஃபில்டர் போட்டுப் பார்ப்பவர்கள் சம் ஃபங்ஷனை நம்பக் கூடாது. மதுரைக் கிளையை மட்டும் ஃபில்டர் செய்தாலும் சம் எல்லாக் கிளைகளையும் கூட்டிக்கொண்டே இருக்கும். =சப்டோட்டல்(9,பி2:பி200) என்று போட்டால் ஃபில்டரில் தெரிபவை மட்டும் கூடும். 9க்குப் பதில் 109 போட்டால், கையால் மறைத்த வரிசைகளும் விடுபடும்.

பணம் கட்டியவர்களுக்கு மஞ்சள் நிறம், கட்டாதவர்களுக்குச் சிவப்பு என்று அடித்துவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்புறம் “மஞ்சளை மட்டும் எப்படிக் கூட்டுவது?” என்று கேட்பார்கள். அதற்கு நேரான ஃபங்ஷன் இல்லை. நிறத்தை வைத்து ஃபில்டர் செய்து சப்டோட்டல் பார்க்கலாம், அவ்வளவுதான். நிறத்தில் எழுதிய தகவலை ஃபங்ஷனால் படிக்க முடியாது. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து “கட்டியாச்சு” என்று எழுதுங்கள். =சம்இஃப்(சி2:சி50,"கட்டியாச்சு",பி2:பி50) என்றால் தொகை வந்துவிடும். நிறமும் வேண்டும் என்றால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் மூலம், “கட்டியாச்சு” என்று இருந்தால் மஞ்சள் என்று சொல்லிவிடலாம். மதிப்பைப் பார்த்து நிறம் தானாக மாறும். இந்த வழியில் போனால் நிறமும் கணக்கும் ஒருபோதும் முரண்படாது.

மெர்ஜ் செய்வதும் இப்படித்தான். மூன்று செல்லை ஒன்றாக்கினால் இடது மேல் செல்லின் மதிப்பு மட்டும் நிற்கும், மற்றவை அழியும். அப்புறம் அந்தப் பகுதியை வரிசைப்படுத்த முடியாது. தலைப்பு நடுவில் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால், அலைன்மென்ட்டில் சென்டர் அக்ராஸ் செலெக்‌ஷன் என்பது அதே தோற்றத்தை மெர்ஜ் இல்லாமல் தரும்.

ஒரு மதிப்பைப் பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் விலுக்அப் ஃபங்ஷன் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை, இரண்டு விஷயம் மட்டும். நான்காவது இடத்தில் ஃபால்ஸ் என்று கொடுக்காவிட்டால் அது கிட்டத்தட்ட பொருந்துவதை எடுத்துக்கொடுக்கும், பட்டியல் ஏறுவரிசையில் இல்லை என்றால் தவறான ஆளின் விவரம் வரும். இரண்டாவது, ஒரு பட்டியலில் 101 எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் விலுக்அப்புக்கு அவை வேறு. கிடைக்கவில்லை என்ற பிழையைக் காட்டும். பலர் உடனே, பிழைக்குப் பதில் வேறொன்றைக் காட்டும் இஃப்எரர் ஃபங்ஷனைப் போட்டு அதைக் காலியாக்கிவிடுகிறார்கள். வகையைச் சரிசெய்யாமல் இஃப்எரர் போடுவது, காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஒரே வாய்ப்பையும் மூடிவிடும்.

ஃபார்மேட் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும் என்று இதுவரை சொன்னதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி ஃபைல். எக்செல்லில் இருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது உள்ளே உள்ள மதிப்பு போகாது, திரையில் தெரிவதுதான் போகும். 12 இலக்க எண் 1.23457ஈ+11 என்று சுருங்கித் தெரிந்த நிலையில் சேமித்தால் அந்தச் சுருக்கமே ஃபைலில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் தொலைந்துவிடும். ஆகவே சிஎஸ்வியாக்கும் முன் நெடுவரிசைகளின் ஃபார்மேட்டைச் சரிபார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் சிஎஸ்வியை இரட்டை கிளிக்கில் திறக்காமல், டேட்டா பட்டியில் உள்ள ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாகக் கொண்டுவந்து, கணக்கு எண் நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டால் முன்பூஜ்யம் தப்பிக்கும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கென்று இன்னும் ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இலங்கையிலும் இங்கேயும் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. திரையில் “தமிழ்” என்று தெரியும். செல்லுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தமிழ்த் தோற்றம் எழுத்துருவில், அதாவது ஃபார்மேட்டில்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் போகும். இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்த “தமிழ்” என்ற சொல்லோடு ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று எக்செல் சொல்லும். இரண்டு முறையிலும் அடித்த பட்டியல்களை விலுக்அப் போட்டுச் சேர்க்க முயல்வதற்கு முன் பழையதை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக்கியே தீர வேண்டும்.

யூனிகோடிலும் எல்லாம் நாம் எண்ணுவது போல் இல்லை. =லென்("தமிழ்") என்றால் 5 வரும். நமக்கு மூன்று எழுத்து. எக்செல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. பெயரிலிருந்து முதலெழுத்தை எடுக்க =லெஃப்ட்(ஏ2,1) என்று போட்டால் கோமதிக்கு “கோ” வராது, “க” வரும். செல்விக்கு “ச” வரும். அப்பா பெயர் கோமதிநாயகம் என்றால் இனிஷியல் “கோ.” என்று இருக்க வேண்டிய இடத்தில் “க.” என்று அச்சாகிவிடும். லெஃப்டில் 1க்குப் பதில் 2 போட்டாலும் சரிவராது, ரவிக்கு “ரவ” என்று வந்து நிற்கும். அடுத்து வரும் குறி உயிர்மெய்க் குறியா இல்லையா என்று பார்த்து எடுக்கும் ஃபார்முலா எழுதலாம், நீளமாக இருக்கும். வாக்காளர் பட்டியல், மாணவர் பட்டியல் மாதிரி பெயர்கள் முக்கியமான இடத்தில் முதலெழுத்துக்கென்று தனி நெடுவரிசை வைத்து, பதிவு செய்யும்போதே கேட்டு எழுதிவிடுவதுதான் நான் சொல்லும் வழி.